மருமகனின் குதிகால்

அடிக்கப்போகிற ஆண்பிள்ளை முதலில் தன் குழலைக் காப்பாற்றிக்கொள்வான். கள் விற்கிற அச்சோம், தன் வீட்டு முற்றத்துக்குக் குடிக்க வருகிறவர்களைப் பற்றிக் கண்டுவைத்திருந்த முதல் உண்மை அது. நடுவில் பானை, பானைக்குள் வெந்நீர் ஊற்றி ஊற்றிக் குடிக்கிற கேழ்வரகுக் கள். சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு நீளக் குழலால் உறிஞ்சுவார்கள். ஒன்றுக்குப் போகிறவன் குழலைப் பானையிலேயே விட்டுவிட்டுப் போவான். பக்கத்து ஆளின் மூக்கை உடைக்கப்போகிறவன் மட்டும் அதை உருவி, துடைத்து, கூரைப் புல்லில் செருகிவிட்டு வருவான். நல்ல குழல் கிடைப்பது கஷ்டம். மூக்கு எல்லோரிடமும் இருக்கிறது.

மற்றதெல்லாம் அதன் பின்னே வரும். கத்திக்கொண்டிருந்தவன் குரலைத் தாழ்த்துவான். அவன் பார்வை எதிராளியின் கண்ணை விட்டுத் தாடைக்கு இறங்கும். தூக்கமில்லாமலே கொட்டாவி விடுவான். ஒரு கால் பின்னுக்குப் போகும். குதிகால் மண்ணை விட்டு எழுந்துவிட்டால் அப்புறம் பேச்சுக்கு வேலையில்லை. அதற்கு முன்பே அச்சோம் வெந்நீர்ச் சட்டியோடு வந்து நிற்பாள்.

"ஓக்கிரோர் அண்ணே, குழலைப் பானையில போட்டுட்டு உக்காருங்க. வெந்நி ஊத்தணும். பானையில விழுமா உங்க கால்ல விழுமான்னு எனக்கே தெரியாது."

"நான் என்ன பண்ணேன்? சும்மா நின்னேன்!"

"நின்ன லட்சணத்தப் பாத்தேன். உக்காருங்க."

சிரிப்பு எழும், அவரும் அசட்டுத்தனமாக உட்காருவார். சாமர்த்தியக்காரி என்று ஊர் சொன்னது. அந்தப் பெயர் அவளுக்குப் பிடிக்காது. செத்துப்போன புருஷனிடம் படித்த பாடம் அது. இரவில் அடித்த கை, காலையில் அவள் கிண்டிய களியைப் பிட்டுக் கடலைக் குழம்பில் தோய்த்து, "உப்பு பத்தல" என்று அவள் முன்னாலேயே நீளும். தாடியில் காய்ந்த கள் நுரையும் அந்தக் கையும் அவளுக்கு மறக்கவே இல்லை.

மகள் அமுகேவுக்கு அப்படி ஒரு கை வாய்க்கக் கூடாது. அவள் வேண்டியது அது ஒன்றுதான். மருமகன் எசாபு குடிக்காதவன். மாதா கோயிலில் பாட்டெடுத்துக் கொடுப்பவன். ஆனால் அவர்கள் குலத்தில் மாமியாரும் மருமகனும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கக் கூடாது. வழியில் எதிர்ப்பட்டால் அவள் புதர்ப் பக்கம் திரும்பிக்கொள்வாள், அவன் முகத்தை மறைத்துக்கொண்டு கடந்துபோவான். அதுதான் மரியாதை. ஊரான் முகத்தையெல்லாம் படித்தவள், படிக்கவேண்டிய ஒரு முகத்தை மட்டும் பார்க்காமலே பெண்ணைக் கொடுத்தாள்.

"குடுத்து வச்சவடி நீ. மாப்பிள்ள குரல் வெளிய கேக்குதா பாரு!" என்பாள் அடுத்த வீட்டு அலூப்போ. அச்சோம் பூரித்துப்போவாள். தாழ்ந்த குரலுக்குப் பூரித்தோமே என்று பிற்பாடு தன்மேலேயே காறித் துப்பத் தோன்றியது.

அறுப்பு முடிந்து அமுகே தாய்வீட்டுக்கு வந்திருந்தாள். ஒரு மத்தியானம், முற்றத்தில் ஆட்கள் பானையைச் சுற்றிக் குடித்துக்கொண்டிருக்கையில், எசாபு அவளை அழைத்துப்போக வந்தான். அச்சோம் சமையல் குடிசைக்குள் போய்விட்டாள். வாசலில் சாக்குப் படுதா. அதன் கீழே முழ உயரத்துக்கு வெளிச்சம். கேழ்வரகு அரைத்துக்கொண்டிருந்தவளின் கண்ணில் பட்டவை ஒரு ஜோடி பளபளத்த சப்பாத்து, மகளின் வெறுங்கால், கவிழ்த்துப்போட்ட உரல்.

"கிளம்பு."

"அம்மாவுக்குக் கை ஒத்தாசைக்கு ஆள் இல்லைங்க. ஞாயித்துக்கெழம வந்துடறேனே."

அவன் குரல் தாழ்ந்தது: "சரி. உன் இஷ்டம்."

கைக்குட்டை பிடித்த கை ஒன்று இறங்கி உரலைத் துடைத்தது. கோயில் பாட்டுப் புத்தகத்தை அதன்மேல் பதவிசாக வைத்தது. அச்சோமின் அரைக்கிற கை நின்றது. வலது சப்பாத்து பின்னுக்குப் போனது, குதிகால் எழுந்தது. அவள் மகளின் கால்களைப் பார்த்தாள். அவை முன்பே நகர்ந்து, உரலை நடுவில் விட்டு நின்றன. பழகிய கால்கள்.

அச்சோம் படுதாவைப் பிடுங்கி எறிந்து, அடுப்பில் கொதித்த வெந்நீர்ச் சட்டியோடு வெளியே வந்து அவன் முகத்தை நேருக்கு நேர் பார்த்தாள். ஓங்கின கை ஓங்கினபடி இருந்தது. அடுத்த நொடி அதே கையால் முகத்தை மூடிக்கொண்டு, புத்தகத்தையும் விட்டுவிட்டு, மரவள்ளிக் கொல்லை வழியே ஓடினான்.

பானையைச் சுற்றியிருந்தவர்கள் குழலைக் கீழே போட்டார்கள்.

"ஐயையோ, மாப்பிள்ள மொகத்தப் பாத்துட்டியே தாயீ!" என்றார் ஓக்கிரோர்.

"அவன் கை எங்க இருந்துச்சுன்னு நீங்க பாத்தீங்களா?"

"அது புருஷன் பொண்டாட்டி சமாசாரம். இது குலத்து சமாசாரம்ல?"

தோஷம் கழிய அவள் ஆடு ஒன்று வெட்டவேண்டும் என்று பெரியவர்கள் தீர்த்தார்கள். வெட்டினாள். உதடெல்லாம் கொழுப்பு மினுங்கத் தின்றார்கள். அவள் ஒரு துண்டைக்கூடத் தொடவில்லை.

"மொகம் எப்படிடி இருந்துச்சு?" அலூப்போ காதோரம் கேட்டாள்.

"எப்படி இருக்கும்? எம் புருஷன் மொகந்தான். சவரம் பண்ணியிருந்தான், அவ்வளவுதான்."

எலும்பை உறிஞ்சி எறிந்துவிட்டு ஓக்கிரோர் தொண்டையைச் செருமினார். "தோஷம் கழிஞ்சுது. இனி மாப்பிள்ள வந்து பொண்ணக் கூட்டிட்டுப் போகட்டும்."

அச்சோம் அவர் முன்னாலிருந்த தட்டை எடுத்தாள். கொல்லைப் பக்கம் கட்டியிருந்த ஆடுகளைப் பார்த்தாள்.

"வரட்டும் அண்ணே. வந்தா மறுபடியும் பாப்பேன். ஆடு இன்னும் இருக்கு."