போயிட்டு வாரேன் என்று சொல்லாமல் போனவர்கள்

கண்ணைக் கட்டிக்கொண்டு அந்நியர் வீட்டுக்குள் நடப்பதுதான் என் வேலை.

விளாங்குடியில் ஒரு சின்ன கம்பெனி. தலையில் மாட்டும் பெரிய கண்ணாடி உண்டே, அதற்குள் ஒரு வீடு கட்டித் தருகிறார்கள். துபாயில் மகன், எழுமலையில் அப்பா, இருவரும் அவரவர் இடத்திலேயே கண்ணாடியை மாட்டி அந்த ஒரே வீட்டில் சந்திக்கலாம். எட்டாவதோடு நின்ற எனக்கே புரிந்தால் எல்லோருக்கும் புரியும் என்று, நடந்து பார்த்துச் சொல்ல என்னை வைத்திருக்கிறார்கள். மாட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும் அந்தத் தலைசுற்றல்.

கூடத்தில் நின்றவர்கள்

ஒருநாள் காலையில் கண்ணாடியை மாட்டி ஒரு வீட்டுக்குள் போனால் கூடத்தில் ஆட்கள். வணக்கம் சொன்னேன், யாரும் திரும்பவில்லை. ஒருவர் கழுத்தைத் தொங்கப் போட்டிருந்தார். ஓர் அம்மாவின் தலை கட்டில் உயரத்தில் கிடந்து கூரையைப் பார்த்தது. கண்ணாடியைப் பிடுங்கி எறியாத குறை. புரோகிராம் எழுதும் செந்தில் சிரித்தான்.

"அவுக நேத்தே கெளம்பிட்டாகக்கா. வெளிய போற பொத்தான அமுக்காம கண்ணாடியக் கழட்டி வச்சிட்டாக, அதான் கண்ணாடி கெடக்குற வாக்குலயே உருவம் மட்டும் நிக்குது. கண்ணாடி அசைஞ்சாத்தான் அதுவும் அசையும்."

எழுமலை அண்ணன்

ஏன் ஒருவரும் அந்தப் பொத்தானை அமுக்குவதில்லை? எழுமலை விவசாயி ஒருவருக்குப் போன் போட்டுக் கேட்டேன். பொத்தானில் 'போறேன்' என்று எழுதியிருந்தோம்.

"நல்லா இருக்கே கதை! பெத்த மகன் முகத்தப் பாத்து 'போறேன்'னு எவனாச்சும் சொல்லுவானா?"

சோழவந்தான் வீடு

பொத்தானில் 'போயிட்டு வாரேன்' என்று மாற்றினோம். நின்றுபோன பழைய உருவங்களை அழித்துவிடுவது என்று முடிவாயிற்று. அதற்கு முன் வீட்டுக்காரர்களிடம் சொல்லவேண்டியது என் பொறுப்பு. சோழவந்தான் குடும்பம் ஒன்றுக்குக் கட்டிய கண்ணாடி வீட்டில் ஒரு பெரியவர், முதுகைக் காட்டி ஜன்னலோரம் நின்றார். அவர் மனைவிக்குப் போன் செய்தேன்.

"அவுக தவறிட்டாக, தாயி. தெனமும் என் கண்ணாடிய மாட்டிக்கிட்டு அவுக பக்கத்துல உக்காந்திருக்கேன். அழிச்சிராதீக" என்று அழுதார்.

செந்திலிடம் கெஞ்சினேன். ஒரு வீட்டை மட்டும் விட்டுவைக்க முடியாது என்றான். அழிப்பதற்குமுன் கடைசியாக ஒருதரம் உள்ளே போனேன். முதுகைக் காட்டி நின்ற பெரியவர் இப்போது என்னைப் பார்த்து நின்றார். வீட்டில் யாரோ அவர் கண்ணாடியை எடுத்திருப்பார்கள் என்றான் செந்தில். ஆனால் அவன் குரலும் இறங்கியிருந்தது. மறுபடி அந்த அம்மாவுக்குப் போன் செய்து, பெரியவர் கண்ணாடியை யாராவது எடுத்தார்களா என்று கேட்டேன்.

"அவுக கண்ணாடி பீரோவுலல்ல பூட்டிக் கெடக்கு. ஏந்தாயி, உன்னையும் திரும்பிப் பாத்தாகளா?"

மற்ற வீடுகளையெல்லாம் அன்றே துடைத்துவிட்டோம். சோழவந்தான் வீட்டைத் துடைக்க மட்டும், இத்தனை இன்ஜினியர்கள் இருக்கிற ஆபீசில் இன்றுவரை யாருக்கும் நேரம் கிடைக்கவில்லை.