அப்பா என்னைப் பொறியியல் படிக்கவைத்த ஆறு வருடங்கள்

எங்கள் அப்பா யாழ்ப்பாணம் நீர்வேலியில் ஐந்தாவது பிள்ளையாகப் பிறந்தார். போர் அவரை இருபத்துமூன்று வயதில் ஜேர்மனிக்குத் துரத்தியது. விசா கிடைத்தபின் கிடைத்த முதல் வேலை, எங்கள் நகரத்து ஐஸ் அரங்கைத் துப்புரவு செய்வது. வாழைத்தோட்டத்தில் வளர்ந்தவருக்கு அது எப்படி ஒத்துவந்தது என்று கேட்டால், "குளிர்தான், ஆனா பாம்பு இல்லை" என்பார்.

அம்மாவுக்குப் பின்னேர வேலை. என்னைப் பார்க்க ஆளில்லாததால் அப்பா என்னை அரங்குக்குக் கூட்டிப்போய், யாரோ விட்டுப்போன சறுக்குச் சப்பாத்தை மாட்டி ஐஸில் விட்டார். அது அவர் செய்த பெரிய பிழை. பத்தொன்பது வயதில் நான் தொழில்முறை ஐஸ் ஹொக்கி வீரன் ஆனேன். அதிலும் தற்காப்பு வீரன். கோல் அடிப்பது என் வேலையல்ல. அடிக்க வருபவனை இடித்து மறிப்பதும், அவன் திருப்பி இடித்தால் வாங்கிக்கொள்வதுமே என் வேலை.

இந்த நினைவு மலரைப் படிக்கும் உறவினர்களே, இனி ஒளிக்க ஒன்றுமில்லை. நான் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படிப்பதாக அப்பா ஆறு வருடம் உங்களுக்குச் சொல்லிவந்தார். ஊன்ட்றொப் அம்மன் கோயில் தேர்த்திருவிழாவில் என் உடைந்த மூக்கைப் பற்றி விசாரித்தவர்களிடம், "படிச்சுப் படிச்சு நித்திரை தூங்கி மேசையில விழுந்திட்டான்" என்றார். நம்பியவர்களுக்கு எங்கள் குடும்பத்தின் நன்றி.

எனக்கு அது நோவாகத்தான் இருந்தது. இடிபட்ட நோ இரண்டு நாளில் போய்விடும். அப்பாவுக்கு என்னால் வெட்கம் என்ற எண்ணம் போகவில்லை. அரங்கைத் துடைத்தவரே அவர்தான். ஆனாலும் ஒரு போட்டியைக்கூட உள்ளே இருந்து பார்த்ததில்லை.

பிறகு வுப்பர்டாலிலிருந்து பொறியியல் மாப்பிள்ளை தேடி ஒரு குடும்பம் வந்தது. அம்மா வடை சுட்டார். முதல்நாள் ஆட்டத்தில் முன்பல் ஒன்றைப் பறிகொடுத்து, புருவத்தில் ஏழு தையலோடு நான் உட்கார்ந்திருந்தேன்.

"தம்பி என்ன பகுதி படிக்கிறியள்?" என்று கேட்டார் பெண்ணின் தகப்பனார்.

அப்பா தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார்.

"அண்ணை, குறை நினையாதேங்கோ. இவன் ஒண்டும் படிக்கேல்லை. ஐஸ் ஹொக்கி விளையாடுறவன். அதுதான் தொழில்."

"ஓ! எத்தினை கோல் அடிச்சவர்?"

"ரெண்டு."

"இந்த வருசமோ?"

"ஆறு வருசத்தில."

அப்பாவுக்கு அந்தக் கணக்கு எப்படித் தெரியும் என்று நான் யோசித்து முடிப்பதற்குள் அவர்கள் எழுந்துவிட்டார்கள். அம்மா மூன்று நாள் சமைக்கவில்லை. அப்பா மிஞ்சிய வடையைச் சாப்பிட்டார். செய்தி லண்டன்வரை போனதாகக் கேள்வி. போகாத இடங்களுக்கு இந்த மலர் போகும்.

அதன்பின் இன்னும் ஒன்பது வருடம் விளையாடினேன். இந்த வருடம் அப்பா நோயில் விழுந்த அதே மாதம், முழங்கால் தேய்ந்த என்னோடு கழகம் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. இப்போது பொய் சொல்லும் முறை என்னுடையது. தினமும் ஆஸ்பத்திரியில், "பயிற்சிக்குப் போறன் அப்பா" என்று சொல்லிவிட்டுக் கீழே சிற்றுண்டிச்சாலையில் இரண்டு மணித்தியாலம் இருப்பேன்.

"தம்பி, உன்ர ஹொக்கிப் பை எங்கை?" என்றார் ஒருநாள். "ஒரு கிழமையா வெறுங்கையோட வாறாய்."

சொன்னேன். அப்பா கண்ணை மூடினார். கவலைப்படுகிறார் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தார்.

"அப்ப இனி ஒருத்தரும் உன்னை இடிக்க மாட்டினம்?"

"இல்லை அப்பா."

"எங்கட அரங்கில நடந்த ஒவ்வொரு ஆட்டத்துக்கும் வாசல்மட்டும் வந்தனான். உள்ளுக்கு வர ஏலாமல் போச்சு. நீ அடிவாங்கிறதை எப்பிடிப் பாக்கிறது?"

நன்றி சொல்ல வேண்டியவர்கள் பலர். அப்பாவைப் பராமரித்த தாதியர், சமைத்து அனுப்பிய அயலவர்கள், பேழை தூக்க நால்வரைக் கேட்டபோது பதினொரு பேராக வந்து நின்ற என் அணித் தோழர்கள். அரங்க வாசலில் இறைச்சிச் சொசேஜ் விற்கும் பெரியவருக்குத் தனி நன்றி. பதினைந்து வருடம் உள்ளே நடப்பதை எட்டிப்பார்த்து அப்பாவுக்குச் சொன்னவர் அவர்தான். சைவரான அப்பா ஒன்றும் வாங்கித் தின்னவில்லை என்ற மனக்குறையை அந்தப் பெரியவர் இறுதிக்கிரியையன்று என்னிடம் சொன்னார்.

அப்பாவுக்கு இருந்தது வெட்கமல்ல, பயம். அதை விளங்கிக்கொண்டபின் அவரிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு நான்கு நாட்கள் இருந்தன. கடைசி நாளில்தான் கேட்டேன்.

"சரி சரி, போய்ச் சாப்பிடு" என்றார். அதன்பிறகு அவர் பேசவில்லை.