ஸ்டீமர் கம்பியில் ஒரு கை

ஹவுராவில் குடியிருந்த நாட்களில், ஆபீசுக்குப் போகும் ஸ்டீமரில் அவரைத் தினமும் பார்ப்பேன். கல்கத்தா ஹோட்டல் ஒன்றில் பகலில் கித்தார் வாசிப்பவர், மதராஸ்காரர். வெளுத்துப்போன கறுப்புக் கோட்டு போட்டிருப்பார். இடது கை விரல்கள் எந்நேரமும் ஓரக் கம்பியை அழுத்திக்கொண்டிருக்கும். போகும்போது அவை அகன்றிருக்கும், திரும்பும்போது நெருங்கியிருக்கும். ஒருநாள் காரணம் கேட்டேன்.

“ஹோட்டல் கித்தார் நீளம் சார், விரல் வைக்கிற மெட்டுக் கம்பியெல்லாம் தள்ளித் தள்ளி இருக்கும். வீட்டுல இருக்கிறது எம் பொண்ணோடது, குட்டை. கையைப் பழக்கிட்டுப் போகலேன்னா முதல் பாட்டு பூராத் தப்பும். அவ சிரிப்பா.”

அந்த மழைக்காலத்தில் பத்து நாள் அவரைக் காணவில்லை. மறுபடி வந்த அன்று மாலை, வீடு திரும்பும்போதும் அவர் விரல்கள் அகன்றே இருந்தன. என்னவென்று விசாரித்தேன்.

“காய்ச்சல் சார். மூணே நாள்ல போயிட்டா. அந்தக் கித்தாரை சர்ச்சுக்குக் குடுத்துட்டேன்” என்றார், ஆற்றைப் பார்த்தபடி. “இனிமே ஒரே அளவுதான். சுலபம்.”

ஹவுரா துறை தெரிந்தது. கம்பியின் மேல் அவர் விரல்கள் ஒவ்வொன்றாக நெருங்கி வந்தன. அவர் அதைக் கவனிக்கவில்லை. நானும் சொல்லவில்லை.