காய்ச்சல் என்றொரு கம்பெனி

போன குறுவை அறுப்புக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு போன் வந்தது. பேசியவர் திருவாரூர் பக்கத்துக் கல்லூரி ஒன்றின் பேராசிரியர். "சார், எங்க இன்குபேஷன் சென்டருக்கு நீங்க மென்டரா வரணும்."

வீட்டில் சொன்னேன். மனைவி பயந்துவிட்டாள். "இன்குபேட்டரா? குறை மாசக் குழந்தைங்கள வைப்பாங்களே... அங்க உங்களுக்கு என்ன வேலை?"

கிட்டத்தட்ட அதேதான் என்றேன். புதிதாகத் தொழில் தொடங்குகிறவர்களுக்கு உட்கார ஓர் இடம், ஒரு பட்டறை, நாலு பேர் ஆலோசனை. கொஞ்ச நாள் கதகதப்பாக வைத்திருந்து, தேறிவிடும் என்று தோன்றினால் விதை நிதி என்று ஒரு தொகையைக் கையில் கொடுத்து வெளியே அனுப்புவார்கள். சென்னை, கோவையோடு நின்றிருந்த சமாச்சாரம், அரசு தயவில் இப்போது காவிரிக் கரைக்கும் வந்துவிட்டது.

"சரி, உங்களுக்கு பிசினஸ் பத்தி என்ன தெரியும்?"

நியாயமான கேள்வி. ஒன்றும் தெரியாது. ஆனால் அங்கே ஒவ்வொருவரும் ஐந்து நிமிடத்தில் தன் தொழிலைப் பற்றிச் சொல்லி, பணம் போடுகிறவர்களை மயக்க வேண்டுமாம். அதற்குப் பெயர் பிட்ச். வாராவாரம் பத்திரிகையில் ஒரு பக்கத்துக்குள் கதையை முடிக்கிறவன் என்பதால் என்னைப் பிடித்திருக்கிறார்கள்.

போனேன். கல்லூரியின் பழைய மெஸ்தான் சென்டர். சுவருக்கு ஆரஞ்சுப் பெயின்ட். நாற்காலிக்குப் பதில் மூட்டை மாதிரி ஏதோ போட்டிருந்தார்கள். உட்கார்வது சுலபம்... எழுந்திருக்க ஆள் வேண்டும். கருவாட்டை ஆன்லைனில் விற்கிற ஒருவர், வாழை நாரில் செருப்பு செய்கிற தம்பதி என்று வரிசையாக வந்தார்கள். கடைசியாக இரண்டு பெண்கள்.

"கம்பெனி பேர் என்னம்மா?"

"காய்ச்சல், சார்."

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. இளையவள் முகம் சுருங்கிவிட்டது. "நெல்லு நல்லாக் காஞ்சிருந்தா, நல்ல காய்ச்சலா இருக்குன்னு சொல்வாங்கல்ல சார்? அந்தக் காய்ச்சல்."

கூட வந்த மூத்தவர் சிரித்துவிட்டார். "நானும் சொன்னேன் சார், எல்லாரும் மாத்திரை கேப்பாங்கன்னு. இவ கேக்க மாட்டேங்குறா."

இளையவள் கலையரசி. திருவாரூருக்கு அருகே ஒரு கிராமம். தாத்தா பாட்டி அடுத்தவர் வயலில் வேலை செய்தவர்கள். அப்பா வீரையன் குத்தகைக்குச் சாகுபடி செய்கிறார். மெக்கானிக்கல் படித்துவிட்டு, கார் தொழிற்சாலையில் நல்ல சம்பளத்தில் இருந்தவள் கலை. வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்து, வாடகைக் கொட்டகையில் இரும்பைப் பற்றவைத்துக்கொண்டிருந்தாள். அப்பா அவளோடு சரியாகப் பேசுவதை நிறுத்தியிருந்தார்.

மூத்தவர் மும்தாஜ். கூத்தாநல்லூர்க்காரர், நாற்பத்தைந்து வயது இருக்கும். கணவர் துபாயில் சூப்பர்மார்க்கெட் வேலையில். மும்தாஜ் வீட்டிலிருந்தபடியே வாட்ஸப்பில் துணி விற்று ஊரில் பாதிப் பேரை வாடிக்கையாளர் ஆக்கியவர். கலை தன் அரைகுறை மெஷினை வீடியோ எடுத்துப் போட, அது எங்கெங்கோ சுற்றி அவர் போனுக்கு வர, "இத வாடகைக்கு விடுவியாம்மா?" என்று இவர் கேட்க... கூட்டணி அமைந்துவிட்டது.

மெஷின் என்ன செய்யும்? ஈர நெல்லைக் காயவைக்கும். டிராக்டரில் மாட்டி இழுத்துப்போகலாம். உமியை எரித்துச் சூடான காற்றை நெல்லுக்குள் ஊதும். இதில் என்ன பெரிய விஷயம் என்று நீங்கள் கேட்டால், நீங்கள் டெல்டாக்காரர் இல்லை. குறுவை அறுப்பும் ஐப்பசி மழையும் ஒன்றாகத்தான் வரும். கொள்முதல் நிலையத்தில் ஈரம் கூடுதலாக இருந்தால் நெல்லை எடுக்க மாட்டார்கள். ரோட்டில் கொட்டிக் காயவைக்க வேண்டும். வெயில் வராது. நெல் சூடேறும், முளைவிடும். அவ்வளவுதான் — அந்தப் போகம் முடிந்தது.

இருவரையும் இரண்டு வாரம் பயிற்சி என்ற பெயரில் பாடாய்ப் படுத்தினேன். எங்கே நிறுத்த வேண்டும், எங்கே சிரிக்க வேண்டும்... எல்லாம் தயார். அப்போது பேராசிரியர் சொன்னார்: "சார், விதை நிதி யாருக்குன்னு முடிவு பண்ற பேனல்ல இருக்கிறவங்க பேச்சு வேணாங்கிறாங்க. மெஷின் வயக்காட்டுல ஓடுறதப் பாக்கணுமாம். காசு கொடுக்கிற கஸ்டமரோட."

என் ஐந்து நிமிடம் அப்படியே வீணாகிப்போனது.

கலையின் ஊரிலேயே வைத்துக்கொள்வது என்று முடிவானது. மும்தாஜ் ஊரின் வாட்ஸப் குழுவில் அறிவித்தார் — யார் முதலில் வாய்ஸ் மெசேஜ் அனுப்புகிறார்களோ அவர்களுக்கு முதலில். முதல் மெசேஜ் யாருடையது தெரியுமா? பெரிய வீட்டுச் சந்தானம். மொத்த நெல்லுக்கும் சேர்த்து முன்பணமே அனுப்பிவிட்டார்.

இங்கே ஊரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

சந்தானம் வீட்டுக்கு ஒரு காலத்தில் கண்ணுக்கெட்டிய தூரம் நிலம். கூலிப் போராட்டம், கொடி, போலீஸ், நில உச்சவரம்புச் சட்டம் எல்லாம் வந்து போய், இப்போது கொஞ்சம் மிச்சம். கலையின் தாத்தா அந்த வீட்டு ஆட்களை 'ஆண்டே' என்று கூப்பிட்டவர். வீரையன் எதுவும் சொல்லிக் கூப்பிடுவதில்லை. பேச்சைச் சுற்றி வளைத்து, கூப்பிடாமலே பேசிவிடுவார். கலை 'சார்' என்பாள்.

இரண்டு தரப்புக்கும் நடுவே நெல் அடித்துக் காயவைக்கிற ஒரு களம். ஊரிலேயே மேடான இடம் அதுதான். பெரிய வீடு பட்டா காட்டுகிறது. வீரையன் தெருக்காரர்கள் புறம்போக்கு என்கிறார்கள். ஆட்சிகள் மாறி மாறி வந்தும் கோர்ட்டில் தாவா மட்டும் மாறாமல் இருக்கிறது. தீர்ப்பு வரும்வரை யாரும் அங்கே ஒரு மணி நெல் கொட்டுவதில்லை. கோர்ட் போட்ட தடை இல்லை... அவர்களே ஒருவருக்கொருவர் பயந்து போட்டுக்கொண்ட தடை.

பேனல் வரும் அன்று காலை நான் போய் இறங்கியபோது மழை விட்டிருந்தது. வானம் மட்டும் கறுப்பாகவே நின்றது. களத்தை ஒட்டி, வாய்க்கால் மதகு பக்கம் ரோட்டில் மெஷின். உமி எரிகிறது. சந்தானத்தின் டிராக்டர் மூட்டைகளோடு வந்து நிற்கிறது. அந்தப் பக்கத்திலிருந்து வேகமாக வருகிறார் வீரையன். கையை விரித்துக் காட்டினார். உள்ளங்கையில் நெல். நுனியில் வெள்ளையாக முளை.

"பெத்த அப்பன் நெல்லு முளைக்குது. நீ அவங்க நெல்லக் காய வைக்கப் போறியா?"

கலை தலையைக் குனிந்துகொண்டாள். "அவருதாம்ப்பா மொதல்ல சொன்னாரு. நீங்க சொல்லவே இல்லையே..."

"நான் ஒனக்குச் சொல்லணுமா?"

அப்பா நெல்லை முதலில் போட்டால் அது மகளின் மெஷின், கம்பெனி இல்லை. வரிசைப்படி போட்டால் வீட்டுக்குள் எப்படிக் கால் வைப்பது? இதற்குள் பேனல் கார் வந்துவிட்டது. தொழில் துறை அதிகாரி ஒருவர், வங்கியிலிருந்து ஒரு அம்மா, சென்னையிலிருந்து முதலீட்டாளர் ஒருவர். முதலீட்டாளர் போட்டிருந்தது வெள்ளை ஷூ. பாவம், அவருக்கு யாரும் சொல்லவில்லை.

"ஃபேமிலி இஷ்யூவா?" என்று என் காதில் கேட்டார்.

"இல்ல சார், மார்க்கெட் ரிசர்ச்" என்றேன்.

மும்தாஜ்தான் முன்னால் வந்தார். சந்தானத்திடம், "அண்ணே, வரிசை உங்களோடதுதான். அதுல மாத்தமில்ல. மெஷின்ல மொத ஈடு உங்களுக்கு. ரெண்டாவது ஈடு அடுத்தவங்களுக்கு. சுத்தி வந்து மறுபடி உங்களுக்கு."

"நான் மொத்தத்துக்கும்ல புக் பண்ணேன்?"

"பண்ணீங்க. விருந்துல மொத ஆளா வந்து உக்காந்தீங்கங்கிறதுக்காக அண்டாச் சோத்தையும் ஒங்க இலையிலயேவா கொட்ட முடியும்?"

நாலு பேர் சிரித்தார்கள். சந்தானத்துக்குச் சிரிப்பு வரவில்லை. "காத்திருக்கிற நெல்லு முளைச்சா? நீங்களா பொறுப்பு?"

அவர் பயமும் பொய்யில்லை. வீட்டுக் கொட்டகைக்குள் மூட்டை மூட்டையாகச் சூடேறிக்கொண்டிருந்தது அவருடைய நெல். கலை மெஷினையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு நிமிர்ந்தாள்.

"ப்ளோயர்லேருந்து ஒரு கிளைக் குழாய் எடுக்கலாம் சார். ஓட்டை போட்ட பைப்ப நெல்லுக்கு அடியில விட்டு, இளஞ்சூடாக் காத்து ஊதிக்கிட்டே இருந்தா, முறை வர்ற வரைக்கும் நெல்லு தாங்கும். ஆனா எல்லா நெல்லும் பைப்புக்கு எட்டுற தூரத்துல இருக்கணும். மேட்டுல இருக்கணும்."

மேடு என்றதும் எல்லோரும் ஒரே பக்கம் திரும்பினார்கள். களம்.



சந்தானம்தான் முதலில் வாயைத் திறந்தார். "அதெப்படி? இன்னைக்கு நெல்லக் கொட்டுவீங்க. நாளைக்குக் கோர்ட்டுல, நெல்லு கொட்டுனது நாங்கதான், அனுபோகம் எங்களுதுன்னு நிப்பீங்க."

வீரையனுக்குக் கோபம் வந்துவிட்டது. "நாங்க சும்மா இருந்தா மட்டும்? இவங்க கொட்டுவாங்க. அனுபோகம் இவங்களுதுன்னு ஆயிடும்."

கலை இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். ரொம்பச் சாதாரணமாகக் கேட்டாள்.

"ரெண்டு பேரும் கொட்டினா?"

நான் பல மேடைப் பேச்சு கேட்டவன். சிலது நானே எழுதியும் கொடுத்திருக்கிறேன். இந்த மூன்று சொல்லுக்கு ஈடாக ஒன்றும் ஞாபகம் வரவில்லை.

சந்தானம் போனை எடுத்து வக்கீலுக்கு அடித்தார். எடுக்கவில்லை. வீரையன் தெரு ஆள் ஒருவர் தங்கள் வக்கீலுக்கு அடித்தார். ஸ்விட்ச் ஆஃப். மேலே இடித்தது. வானம் யாருக்கும் வாய்தா கொடுக்கிற மாதிரி தெரியவில்லை.

"சரி... ஒன்னாக் கொட்டணும்" என்றார் சந்தானம். "ஒரு மூட்டகூட யாரும் முந்தக் கூடாது."

"நாங்க ஏன் முந்துறோம்?" என்றார் வீரையன் — மதகைப் பார்த்து.

நம்புவீர்களா? களத்தின் இந்த ஓரம் ஒரு மூட்டை, அந்த ஓரம் ஒரு மூட்டை. மும்தாஜ் நடுவில் நின்று கையை உயர்த்தி, "ம்... கொட்டுங்க!" என்றார். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் நெல் சரிந்தது. எத்தனையோ வருடத்துக்குப் பிறகு அந்தக் களத்தில் விழுந்த முதல் நெல். யாருடையது முதல் என்று எந்தக் கோர்ட்டாலும் சொல்ல முடியாது. இரண்டு தெருப் பிள்ளைகளும் வீடியோ வேறு எடுத்துக்கொண்டார்கள் — சாட்சிக்கு!

கலை பைப்பில் ஓட்டை போட்டாள், குழாயைத் திருகினாள், குவியலுக்கு அடியில் செருகினாள். மதியத்துக்கு மேல் மழை பிடித்துக்கொண்டது. தார்ப்பாயை ஆளுக்கொரு பக்கம் இழுத்துப் பிடித்தோம். என் மூலைக்கு எதிர் மூலையில் முதலீட்டாளர். ஷூ சேற்றுக்குள் எங்கோ இருந்தது.

சந்தானத்தின் முதல் ஈடு காய்ந்து இறங்கியது. கலை ஈரமானியில் ஒரு பிடி நெல்லை வைத்துப் பார்த்தாள். கொள்முதலுக்குத் தாங்கும். அடுத்த ஈடு வீரையனுடையது. ஏற்கனவே முளைத்ததை யாராலும் காப்பாற்ற முடியவில்லை. அதைத் தனியாக ஒதுக்கும்போது அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. ஆனால் பெரும்பகுதி தப்பித்துவிட்டது. வீரையன் மெஷின் அடுப்பில் உமி குறைவதைப் பார்த்தார். போய் ஒரு கூடை அள்ளிவந்து போட்டார். பிறகு அந்த இடத்தை விட்டு நகரவே இல்லை.

கிளம்பும்போது முதலீட்டாளர் மும்தாஜிடம் கேட்டார்: "இம்ப்ரெஸிவ்தான். ஆனா ஒவ்வொரு ஊர்லயும் இப்படி ஒரு வழக்கத் தீர்த்து வைப்பீங்களா?"

"எங்க சார் தீர்த்தோம்? கேஸு அப்படியேதான் இருக்கு. நெல்லுதான் காஞ்சுது."

அவர் பணம் போடவில்லை. வேகமாகப் பெருகக்கூடிய தொழிலாகத் தெரியவில்லையாம். இருக்கலாம். மறுவாரமே பக்கத்து ஊர்களிலிருந்து அழைப்பு வந்ததும், இருக்கிற ஒரு மெஷினை வைத்துக்கொண்டு மும்தாஜ் எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்ததும் அவருக்குத் தெரியாது.

விதை நிதி கொஞ்சம் தாமதமாக வந்தது — கேட்டதில் பாதி. கலை ஒருநாள் முழுக்க வாடிப்போயிருந்தாள். ஆனால் கல்லூரிப் பட்டறையை இன்னும் ஒரு வருடம் பயன்படுத்திக்கொள்ளச் சொன்னார் பேராசிரியர். இரும்பு கடனுக்கு வாங்கிக் கொடுத்தார் மும்தாஜ். இரண்டாவது மெஷினுக்கு வேலை நடந்தது.

எனக்கு இதில் புரிந்தது ஒன்றுதான். அரசு இடம் கொடுக்கலாம், நிதி கொடுக்கலாம், என்னைப் போல வாய்ப்பேச்சு ஆசாமிகளை அனுப்பியும் வைக்கலாம். எல்லாம் வேண்டியதுதான். ஆனால் தொழில் என்பது கடைசியில், பேசிக்கொள்ளாத இரண்டு பேர் ஒரே வரிசையில் நிற்கச் சம்மதிப்பது. அதற்கு எந்த சென்டரிலும் மூட்டை நாற்காலி கிடையாது.

போன வாரம் இரண்டாவது மெஷினை ஓட்டிப் பார்த்தார்கள். போயிருந்தேன். மும்தாஜ் கேசரி கிளறி எடுத்துவந்திருந்தார். வீரையன் புது மெஷினைச் சுற்றிச் சுற்றி வந்து போல்ட்டுகளைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். மெதுவாகக் கேட்டேன்: "பொண்ணு வேலையை விட்ட கோபம் போயிடுச்சாங்க?"

"போவலைங்க. அதக் கேக்கத்தான் போறேன்" என்றார். "அறுப்பு முடியட்டும்."

எங்கள் பக்கம் குறுவை அறுப்பு முடிந்தால் சம்பா அறுப்பு. அது முடிந்தால் தாளடி அறுப்பு. கலை தப்பித்தாள்!