எட்டாக வெட்டிய டச்சு வார்த்தை

டச்சு மொழிப் பரீட்சையில் முதல் தடவை தோற்றபோது எனக்குக் கோபம்தான் வந்தது. மனுஷர் பேசுகிற பாஷையா அது! நாலு வார்த்தையை இடைவெளி விடாமல் ஒட்டி ஒன்றாக்கி வைத்திருக்கிறார்கள். பாதி சொல்வதற்குள் எனக்கு மூச்சு முட்டிவிடும். அதில் தேறினால்தான் நெதர்லாந்தில் வேலை பார்க்கும் கணவரோடு போய் இருக்க விசா. கல்யாணமாகி இரண்டு வருஷத்தில் நாங்கள் சேர்ந்திருந்தது நாற்பது நாள்.

நாகர்கோவில் வீட்டில், படுக்கையில் கிடந்த மாமியாரை நானும் கணவரின் அண்ணன் மனைவியும் பார்த்துக்கொண்டோம். அக்கா என்றுதான் கூப்பிடுவேன். மாமியாரைக் குளிப்பாட்டத் தூக்க இரண்டு பேர் வேண்டும்.

அக்கா சர்ச் கொயரில் பாடுகிறவள். புதுப் பாட்டு வந்தால் வார்த்தைகளைத் துண்டு துண்டாக வெட்டி, மேலே டோ ரே மீ என்று ஸ்வரம் எழுதிக்கொள்வது அங்கே வழக்கம். ஒருநாள் என் நோட்டைப் பிடுங்கி, அதிலிருந்த நீள வார்த்தை ஒன்றின் நடுவே பென்சிலால் கோடு கோடாகப் போட்டாள்.

“ஏட்டி, இதுக்கா பயந்துட்டு கெடக்க? எட்டு வெட்டுதான். கீழ டோவுல தொடங்கி மேல டோவுல போய் நில்லு.”

ஸீக்-தெ-கொஸ்-தென்-ஃபெர்-ஸே-கெ-ரிங். மருத்துவக் காப்பீடாம். அட, மூச்சு முட்டாமல் முழுசாக வந்துவிட்டது!

அன்றிலிருந்து மாமியாரைக் குளிப்பாட்டும்போதும் பாட்டுதான். ஆரஞ்சுச் சாறு, ஆஸ்பத்திரி, ரயில் நிலையம் எல்லாம் டச்சில் ராகத்தோடு போகும்.

“இதுக்கு ஆமென் எப்ப வரும்ட்டி?” என்பார் மாமியார்.

இரண்டாம் தடவை தில்லியில் பரீட்சை. கம்ப்யூட்டர் முன்னால் பேச வேண்டும். காப்பீடு பற்றிய கேள்வி வந்ததும் பழக்க தோஷத்தில் அந்த வார்த்தையைப் பாடியே விட்டேன், மேல் டோ வரைக்கும். பக்கத்தில் இருந்த பெண் ஹெட்போனைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தாள். போச்சு, இந்தத் தடவையும் தொலைந்தது என்று மானம் கெட்டு ஊர் வந்து சேர்ந்தேன்.

சில வாரம் கழித்து முடிவு வந்தது. தேறிவிட்டேன்! துணி காயப்போட்டுக்கொண்டிருந்த அக்காவிடம் ஓடினேன். “ஸ்தோத்திரம்!” என்று ஈரக் கையோடு கட்டிப்பிடித்துக்கொண்டாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது.

“அக்கா, நான் போயிட்டா மாமியத் தூக்க ஒத்தைக்கு என்ன செய்வீங்க?”

“எதுத்த வீட்டு சித்திட்ட சொல்லி வச்சிருக்கேன். காலைல வந்து ஒரு கை பிடிப்பா.”

“எப்ப சொன்னீங்க?”

“நீ மொத தடவ தோத்துட்டு வந்தேல்லா, அன்னைக்கே.”

அவள் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதேன்.