நோக்கோல் இலைக்கு அடித்த மருந்து

ஜேர்மனியின் ஸ்டுட்கார்ட்டில் ஒரு சிறு தோட்டத்தை வாடகைக்கு வைத்திருக்கிறேன். "என்ரை மரக்கறிக்கு மருந்தே அடிக்கிறதில்லை" என்று எல்லோரிடமும் பெருமை பேசுவேன். பக்கத்துத் தோட்டத்து ராணியிடம், விரும்பியபோது இலை பிடுங்கலாம் என்றும் சொல்லியிருந்தேன்.

சென்ற ஆவணியில், இலையுதிர்கால அறுவடைக்கென நட்ட நோக்கோலை, அதாவது நூல்கோலை, பச்சைப்புழு அரித்தது. ஒருவருக்கும் தெரியாமல் மருந்து அடித்தேன். கிழங்கு முற்ற ஒரு மாதம் இருக்கிறதே என்று நினைத்தேன். இங்குள்ள ஜேர்மன்காரர் இலையை எறிவார்கள். நாங்கள் தமிழர் அதில் தேங்காய்ப்பூப் போட்டு வறை செய்வோம். அதை மறந்துவிட்டேன். மறுநாள் போய்ப் பார்த்தால், பாதி இலைகள் இல்லை.

ராணியின் வீட்டுக்கு ஓடினேன். கர்ப்பிணி மகளுக்காக இலையை அரிந்து முடித்திருந்தார்.

"அதை எறியுங்கோ, ஒரே புழு" என்றேன். உண்மையைச் சொல்ல வெட்கம்.

"புழுவுக்குப் பயந்தா இலைக்கறி தின்னேலுமோ அண்ணை? கழுவினாப் போச்சு" என்று சிரித்தபடி சட்டியை அடுப்பில் வைத்தார்.

அதன் பிறகுதான் "நேற்று மருந்து அடிச்சனான்" என்றேன்.

அவர் அடுப்பை அணைத்தார். "அப்ப ஏன் புழு எண்டு சொன்னீங்கள்?"

சட்டியிலிருந்த இலையை நானே குப்பையில் கொட்டினேன்.

இப்போது நாற்று நட்ட அன்றே பூச்சி நுழையாமல் வலை கட்டிவிடுகிறேன். அப்படியும் இந்த வருடம் ஒருமுறை மருந்து அடிக்க வேண்டி வந்தது. நேரே ராணியின் கதவைத் தட்டி, "மருந்து அடிச்சிருக்கிறன், தொடாதேங்கோ" என்று சொல்லிவிட்டுத்தான் வீட்டுக்குப் போனேன்.