நாற்பத்தேழுக்கு முன்னால் ஓர் எழுத்து

என் மேசையின் கீழறையில் ஓர் அலுமினியத் தகடு கிடக்கிறது. தீப்பெட்டி அளவுதான் இருக்கும். நான்கு மூலையிலும் நான்கு துளைகள். நடுவே சி-47 என்று ஆங்கிலத்தில் பொறித்திருக்கிறது. பழைய சாமான்காரன் வரும்போதெல்லாம் என் மனைவி இதைப் போட்டுவிடச் சொல்வாள், நான் கொடுத்ததில்லை. ஏன் என்று அவள் கேட்டதும் இல்லை. கேட்டால் அவளுடைய தங்கை புருஷனை, அதாவது என் சகலையைப் பற்றிச் சொல்ல வேண்டிவரும்.

யுத்தம் முடிந்து, பட்டாளத்துக்காரர்கள் விட்டுப்போன விமானச் சாமான்களை ஏலத்தில் எடுத்து விற்கும் கிடங்கு ஒன்று கொருக்குப்பேட்டையில் கூட்ஸ் யார்டை ஒட்டி இருந்தது. முதலாளி தெற்கத்திக்காரர். நான் அங்கே குமாஸ்தா. எஸ்.எஸ்.எல்.சி. தேறியவன் என்று நெட்டுக்குப்பத்து மாமனார் வீட்டில் எனக்குத் தனி மரியாதை இருந்தது, சகலை வந்து சேரும் வரை. அவன் நாலாம் வகுப்பைத் தாண்டாதவன். யுத்தத்தின்போது செங்குன்றம் ஏரியில், தண்ணீரில் இறங்கும் விமானங்களுக்குக் கயிறு கட்டும் வேலை பார்த்தவன். மாமனார் கேட்டுக்கொண்டதால் நான்தான் அவனைக் கிடங்கில் சேர்த்துவிட்டேன். என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டேன்.

பெட்டிகளின் மேல் எனக்கு வெறும் எண்களாகத் தெரிந்தவை அவனுக்கு ஆட்களாகத் தெரிந்தன. மதியச் சாப்பாட்டு நேரத்தில் பெட்டி தூக்குபவர்கள் அவனைச் சுற்றி உட்கார்ந்துகொள்வார்கள். "அமெரிக்காகாரன் ப்ளேனுக்கு மொதல்ல எழுத்து வெப்பான், அப்பால நம்பரு. எழுத்து அது இன்னா வேல செய்யுதுன்னு சொல்லும். சி போட்டா சரக்கு ஏத்தறது. பி போட்டா தொரத்திகினு போய் சண்ட போடறது. நம்பரு அதுல எத்தினியாவதுன்னு சொல்லும். சரக்குலயும் ஒரு நாப்பத்தேழு கீது, சண்டையிலயும் ஒரு நாப்பத்தேழு கீது. ரெண்டுக்கும் ஒட்டும் கெடையாது, ஒறவும் கெடையாது" என்பான். நம்மை ஆண்ட இங்கிலீஷ்காரனுக்கு நம்பர் மட்டும் போதாதாம், பெயர் வேண்டுமாம். அதே சரக்கு விமானத்துக்கு அவன் வைத்த பெயர்தான் டகோட்டா. குண்டு போடுவதற்கு ஊர்ப் பெயர், சண்டைக்குப் புயலின் பெயர், தண்ணீரில் இறங்குவதற்குத் துறைமுகத்தின் பெயர். "நம்மூர்ல செஞ்சிருந்தா ராயபுரம்னு வெச்சிருப்பான்" என்று முடிப்பான். எல்லாரும் சிரிப்பார்கள். முதலாளியும் சிரிப்பார். நான் சொன்ன எதற்கும் அந்தக் கிடங்கில் ஒருவரும் சிரித்ததில்லை.

எனக்குப் பொறாமை. அதற்கு வேறு பெயர் வைத்துக் கௌரவப்படுத்த நான் தயாராக இல்லை. ஞாயிற்றுக்கிழமை மாமனார் வீட்டில் வஞ்சிரம் குழம்பு வைத்தால் தலை மூத்த மாப்பிள்ளைக்கு. ஒரு ஞாயிறு அந்தத் தலை என் இலையைத் தாண்டிப் போய் அவன் இலையில் விழுந்தது. "சின்ன மாப்ள ப்ளேன் கத சொல்லிகினே துன்னட்டும்" என்றார் மாமனார். அவன் பாதியைப் பிய்த்து என் இலையில் வைத்தான். எனக்கு இன்னும் வயிறு எரிந்தது. எங்கள் இருவரில் ஒருவரை ஸ்டோர் கீப்பராகப் போடப்போவதாக அந்த வாரமே முதலாளி சொன்னார். யாரை என்று நான் கேட்கவில்லை. கேட்கத் தேவையில்லை.

கிடங்கில் ஒரு சட்டம் உண்டு. முத்திரையோடு வந்த பெட்டியைத் திறக்கக் கூடாது. திறந்த பெட்டியை யாரும் வாங்க மாட்டார்கள். ஆகவே பெட்டியின் மேல் உள்ள எழுத்தை நம்பித்தான் பிழைப்பு. டகோட்டா அப்போதும் பறந்துகொண்டிருந்ததால் அதன் சாமான் பம்பாய்க்குப் போகும். சண்டை விமானத்தின் சாமானைக் கேட்க ஆளில்லை. அது கொல்லைப்பக்கத்து உலையில் உருகிப் பாத்திரமாகும். ஒரு பெட்டியில் பெயின்ட் எழுத்து உப்புக்காற்றில் அழிந்து, நாற்பத்தேழு மட்டும் மிஞ்சியிருந்தது. பக்கத்தில் இருந்த தகடு மட்டும் பளிச்சென்று சி-47 என்றது. காலையில் மற்றவர்கள் வருவதற்கு முன் திருப்புளியால் அந்தத் தகட்டைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

தகடு விழுந்த பெட்டிகள் வருவது சகஜம்தான். சகலை அந்தப் பெட்டியை இரண்டு முறை சுற்றிப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தான்.

"அண்ணாத்தே, நேத்து லாரிலேர்ந்து எறக்கசொல்ல நீதானே பாத்த. இதுக்கு எழுத்து இன்னா?"

"பி" என்றேன்.

"சரி" என்று உலைக்கு அனுப்பிவிட்டான். அவன் தானாகத் தடுமாறுவான் என்றுதான் நான் கணக்குப் போட்டிருந்தேன். என்னை நம்புவான் என்று நினைக்கவில்லை.

மூன்றாம் நாள் பம்பாய் ஆள் பட்டியலோடு வந்து நின்றார். டகோட்டா பெட்டியில் ஒன்று குறைந்தது. சகலை உலைக்கு ஓடினான். உடைத்துப்போட்ட காலிப் பெட்டிதான் அங்கே கிடந்தது. நெடுநேரம் கழித்துத் திரும்பி வந்தான். "என் தப்புதான் மொதலாளி. நான்தான் அனுப்சேன்" என்றான். என் பெயரை எடுக்கவில்லை. அன்றே அவனுடைய வேலை போயிற்று. அடுத்த மாதம் நான் ஸ்டோர் கீப்பர் ஆனேன்.

அவன் மாமனாரோடு மீன் பிடிக்கக் கடலுக்குப் போனான். இரண்டு வருஷத்தில் சொந்தப் படகு கட்டினான். அதை முதன்முதலாகத் தண்ணீரில் இறக்கும் நாளில் போகாமல் இருக்க முடியவில்லை. முகத்துவாரத்தில் யாரும் பார்க்காதபோது வீசிவிடலாம் என்று தகட்டையும் பையில் எடுத்துப் போயிருந்தேன். படகின் முகப்பில் ஒரு பழைய பெட்டிப் பலகை அடித்திருந்தது. மஞ்சள், குங்குமம், மாலை. நடுவில் வெள்ளை பெயின்டில் சி-47. கிட்டே போய்ப் பார்த்தேன். எண் மட்டும் பழையது. அதற்கு முன்னால் எழுத்தைப் புதிதாக எழுதியிருந்தான். பக்கத்தில் நான்கு திருகாணித் துளைகள், தீப்பெட்டி அகலத்துக்கு.

"இது இன்னா பேருடா?" என்றேன்.

"சரக்கு ஏத்தறதுதானே அண்ணாத்தே. சண்ட போடறது இல்லியே" என்றான். பிறகு என் கையில் தேங்காயைக் கொடுத்து, "மூத்தவன் நீதான். ஒட" என்றான்.

உடைத்தேன். எல்லாரும் கைதட்டினார்கள். தகடு என் பையிலேயே இருந்தது. வீசவும் முடியவில்லை, கொடுக்கவும் முடியவில்லை.

சகலை போய்ச் சேர்ந்து பல வருஷமாகிறது. அந்தப் படகும் இன்று இல்லை. அறையைத் திறந்து தகட்டைக் கையில் எடுக்கும்போதெல்லாம் அவன்மேல் எனக்கு இன்னும் பொறாமைதான். உண்மையை ஊர் பார்க்கும்படி பெரிய எழுத்தில் எழுதி வைத்துவிட்டு, யாரிடமும் வாய் திறக்காமல் மீன் பிடிக்கப் போனான். நான் மேசையறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்கிறேன்.